பொட்டு வெடித் துப்பாக்கிக்காகப் பால் வாங்காத வாரம்

குவைத்தின் மங்காஃபில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் தீபாவளிக்கு முன்பாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கீழ்த்தளக் கடையில் பொம்மைத் துப்பாக்கி விற்கக் கூடாது, வளாகத்தில் குழந்தைகள் அதை வைத்து விளையாடவும் கூடாது. கட்டட முதலாளியின் உத்தரவு. காரணம் எழுதவில்லை. பட்டாசுக்கு வழியில்லாத எங்களுக்குப் பொட்டு வெடித் துப்பாக்கிதான் தீபாவளியின் ஒரே சத்தம்.

பெண்களின் வாட்ஸாப் குழு கொதித்தது. போராட்ட அட்டை பிடித்து நிற்கக்கூடிய ஊர் இல்லை இது. மூன்றாம் மாடியில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒரு வழி சொன்னார். "அந்தக் கடையில ஒரு பால் பாக்கெட்கூட வாங்காதீங்க. யாவாரம் படுத்தா அவனே போய் முதலாளிகிட்ட பேசுவான்."

எல்லோரும் மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்தோம். நானும்தான்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கருவிப் பொறியாளர் நான். அலாரம் அடித்தால் கோளாறு எங்கே என்று முதலில் பார்ப்பது தொழில் பழக்கம். இதையும் பிரித்துப் பார்த்தேன். உத்தரவு போட்டவர், முதலாளி. அவருக்குப் போகும் வாடகை குறையவில்லை. விற்பனை குறைந்தது கடைக்காரருக்கு. அவரும் எங்களைப் போலவே அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டவர்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குள் போனேன். குபூஸ் ரொட்டிப் பாக்கெட்டுகள் விற்காமல் அடுக்கிக் கிடந்தன.

"வாங்க தங்கச்சி. துப்பாக்கி வேணும்னா போலீஸ்ல போய்ச் சேருங்க. பால் எங்கிட்ட வாங்குங்க" என்று சிரித்தார் கடைக்காரர். சிவகங்கைப் பக்கத்துக்காரர். கடை உரிமம் அவருக்கு விசா கொடுத்த குவைத்துக்கார கஃபீல் பெயரில். அந்த கஃபீல் முந்தின நாள் வந்து பார்த்திருக்கிறார். "இந்த மாசம் இப்படியே போனா கலாஸ், முடிஞ்சது, கடைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டாரு. முதலாளிகிட்ட நான் என்னத்தப் பேச? என்னைய உள்ளயே விடமாட்டாங்க."

அன்று குழுவில் எழுதினேன்: கடையைப் புறக்கணிப்பதை நிறுத்துவோம், முதலாளிக்கே மனு கொடுப்போம், எல்லோரும் பெயரும் ஃபிளாட் எண்ணும் போட்டு.

யாரும் பெயர் போடவில்லை. பால் வாங்காமல் இருக்கப் பெயர் தேவைப்படவில்லை. குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. வீட்டு ஒப்பந்தம் கணவர் பெயரில் இருப்பதால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நானே கையெழுத்திட்டேன். கடைசிவரை அந்த ஒரு கையெழுத்துதான். மனுவைக் கொடுத்தும் முதலாளியிடமிருந்து பதில் வரவில்லை.

லிஃப்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உத்தரவ ஒத்துக்கிறியாடி?"

"இல்லக்கா. தப்புன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போடமாட்டாரு."

"தெரியும்க்கா. கடைக்காவது வாங்க." கஃபீல் சொன்னதைச் சொன்னேன்.

"இப்பப் போய் நின்னா தோத்த மாதிரி இருக்காதா?"

மூன்றாம் மாடி வந்ததும் அக்கா இறங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது அக்கா கடை வாசலில் நின்றிருந்தார். "தம்பி, துப்பாக்கி விசயத்துல எனக்கு இன்னும் கோவம் போகல. ரெண்டு பால், ஒரு குபூஸ் குடு."

"கோவத்த வச்சுக்கங்கக்கா," என்றார் அவர், பாலைப் பையில் போட்டுக்கொண்டே. "நாளைக்கும் எடுத்துட்டு வாங்க."