அம்மா பாஸாகக் கூடாது

பத்தாவது பாஸானவர்களை ஊரில் தங்க விடமாட்டார்கள் என்று ஏழு வயதில் நான் திடமாக நம்பினேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. அப்பா கைநாட்டு, ஊரிலேயே இருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பத்தாவது தேறியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பெட்டியோடு திண்டிவனத்தில் பஸ் ஏறியவர்தான். அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் விருந்தாளியாக வந்துபோனார்.

எட்டாவதோடு நின்றிருந்த அம்மா, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் கூலிவேலை முடித்து வந்து, பத்தாவதைத் தனியாக எழுதப் படிக்க ஆரம்பித்ததும் கடைக்குட்டியான நான் அவள் பின்னாலேயே சுற்றினேன். அடுப்பு வெளிச்சத்தில் அவள் உதடுகள் அசையும். அந்த முணுமுணுப்பிலேயே தூங்கிப்போவேன். கனவில் அம்மா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சின்னதாகிப் போவாள். நான் டிக்கெட் காசுக்குக் கால்சட்டைப் பையைத் தேடுவேன். பையே இருக்காது.

பரீட்சை முடிந்து வந்த அமாவாசைக்கு என்னை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனாள்.

"கண்ண மூடிக்கினு நல்லா வேண்டிக்கடா, அம்மா பாஸாகணும்னு."

வேண்டிக்கொண்டேன். 'ஃபெயிலாக்கு தாயே, மொட்டை போட்டுக்கிறேன்.'

அவ்வளவு கூட்டத்தில் அங்காளம்மனுக்கு என் குரல் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள், பொங்கல் இல்லாமலே, பேப்பரை ஆட்டிக்கொண்டே மாமா வந்து நின்றார்.

"யக்கா, பாஸு! ஜல்தியா கெளம்பு. விழுப்புரம் ஆபீசுல போயி வேலையக் கேட்டுரு."

'கெளம்பு' மட்டும்தான் என் காதில் விழுந்தது. அம்மாவின் முந்தானையை என் அரைஞாண் கயிற்றில் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன், கால்சட்டை மட்டும் கீழேயே தங்கிவிட்டது. போன மாதம் என் மகள் எம்.எஸ்சி. படிக்க ரயிலேறியபோதும் கை தானாக இடுப்பைத் தடவியது. பெல்ட்தான் இருந்தது.

"பேஜாரு புடிச்ச பையன். இவனையும் இட்டுக்கினு போக்கா" என்றார் மாமா.

விழுப்புரத்தில் ஓர் அறை; தலைக்கு மேல் தூங்கி வழிந்த மின்விசிறி. மேஜைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"சரிங்க" என்றாள் அம்மா.

திரும்பும் பஸ்ஸில் அவள் அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மடியில் தலை வைத்துக்கொண்டேன். ஜன்னலில் புளியமரங்கள் வெயிலும் நிழலுமாக என் முகத்தில் ஓடின. அம்மா பாஸும் ஆகிவிட்டாள், ஊருக்கும் திரும்புகிறாள்! அங்காளம்மன் இரண்டு பேரையும் கைவிடவில்லை என்ற நிம்மதியில் கண் சொக்கியது.

அம்மா கேட்கப் போனது எங்கள் தெருக்கோடி பால்வாடியில் டீச்சர் வேலை. அதற்கான வயதை அவள் தாண்டியிருந்தாள். மறுநாள் மல்லாட்டை பிடுங்கப் போனாள்.