ஒன்பது மணி வருகைப் பதிவு

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த சின்னசாமியின் மகன் வேதாசலம் பி.ஏ. தேறியபோது, குவார்ட்டர்ஸ் வரிசையே வந்து அவன் சான்றிதழைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஹைதராபாத்தில் நாம்பள்ளி ஸ்டேஷன் பக்கத்துக் கல்லூரியில் மாணவர் ஆலோசகர் வேலை கிடைத்தது. தனக்கே வழி தெரியாதவன் மற்றவர்களுக்கு வழி சொல்வதா என்ற கூச்சம், இரண்டு வருடமாகியும் அவனை விடவில்லை.

1941 பிப்ரவரியில் பதினோரு பேருக்கு வருகை குறைவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பரீட்சை எழுத முடியாது. எல்லாரும் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள். பாஸ் இருப்பதால் ரயிலில்தான் வருவார்கள். எட்டு ஐம்பதுக்கு வரவேண்டிய வண்டி, ஹுசேன் சாகர் ஏரிப் பக்கம் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நின்று, ஒன்பதே காலுக்கு வந்து சேரும். ஒன்பது மணியடிக்கும்போது வகுப்பில் இல்லாவிட்டால் அரைநாள் ஆப்செண்ட்.

"நான் ஒரு நாள்கூட லீவு போடலியே சார்," என்றாள் மௌலா அலியிலிருந்து வரும் விஜயகுமாரி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினோரு பேருக்காக வேதாசலம் எழுதிய மனுவின் ஓரத்தில் முதல்வர் ரகுநாதன் ஒரே வரி எழுதித் திருப்பினார்: "வண்டி 8.50க்கு வருகிறது. டைம்டேபிளைப் பார்க்கவும்."

மார்ச் முதல் வாரம் சமஸ்தானத்து மாணவர் ஆலோசகர்களின் மாநாடு அதே கல்லூரியில் நடந்தது. ரகுநாதன்தான் தலைவர். முதல் நாள் முழுக்க, மாணவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை என்றே பேசினார்கள். வேதாசலத்தின் கட்டுரை மறுநாள் முதலில், சரியாக ஒன்பது மணிக்கு. பிரதிநிதிகள் தங்கியிருந்தது செகந்திராபாத்தில். அவர்களுக்கும் ரயில் பாஸ்தான். ஒன்பதரைக்கு மாற்றச் சொல்லிச் சீட்டு அனுப்பினான். அதே வரி திரும்பி வந்தது.

காலையில் தங்கை அம்மணி கோட்டைத் தட்டிக் கொடுத்தாள். "பேச்சு வரலன்னா தண்ணி கேளுண்ணே. அதுக்குள்ள ஞாபகம் வந்துரும்."

"தண்ணியும் மறந்துட்டா?"

"அப்ப சைக்கிள எடுத்துக்கினு வந்துரு."

அந்தச் சைக்கிளில்தான் போனான். ஒன்பதுக்கு மண்டபத்தில் ஐந்து பேர். முப்பத்தெட்டு நாற்காலிகள் காலி. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையைக் கேட்க ஆளில்லை. மாநாட்டுச் செயலாளர் அப்துல் ரஹீம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மணியை அடித்தார். செகந்திராபாத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர் அவர்.

"ஷுரு பண்ணு மியா, ஆரம்பி. டைம் ஆச்சு."

"யாருமே வரலியே, ரஹீம் பாய்?"

"நக்கோ, காத்திருக்கிறது வேணாம். தலைவரோட ஆர்டர்."

வேதாசலத்தின் கண் மேசைமேல் இருந்த பிரதிநிதிகள் பதிவேட்டில் விழுந்தது. செய்யலாமா? திமிர் என்பார்கள். ஃபிட்டர் மகனுக்குப் புத்தி இவ்வளவுதான் என்பார்கள். ஆனால் அந்தப் பதினோரு பேருக்கு இதைச் செய்தபோது யாரும் இவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை. பேனாவைத் திறந்தான்.

"பிரதிநிதி ஒன்று... ஆப்செண்ட். பிரதிநிதி இரண்டு... ஆப்செண்ட்."

ரஹீம் முதலில் திகைத்தார். ஐந்தாவது பெயருக்குள் விஷயம் புரிந்துவிட்டது, மீசைக்குள் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் "ஹவ், ஆப்செண்ட்!" என்று ஆமாம் போட்டார்.

ஒன்பது இருபதுக்குக் கூட்டம் மூச்சிரைக்க உள்ளே வந்தது. விருந்தினரோடு ரயிலில் வந்த ரகுநாதன் முன்னால், தலைப்பாகை சரிய. "மன்னிக்கணும். ஹுசேன் சாகர்ல ஒரு கூட்ஸ் வண்டிக்காக நிறுத்திப்புட்டான்..."

"தெரியும் சார்," என்றான் வேதாசலம். "முப்பத்தெட்டு பேருக்கு இன்னிக்கு அரைநாள் ஆப்செண்ட். உங்க பேரும் இருக்கு. இதே வண்டியில இந்த வருஷம் பூரா வந்த பதினோரு பேரைப் பத்தித்தான் என் கட்டுரை."

இருபது நாள் அந்த வண்டி வந்த நேரத்தை, ஸ்டேஷனில் நின்று குறித்த பட்டியலைப் படித்தான். எட்டு ஐம்பதுக்கு வந்தது மூன்றே நாள். ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது.

ரகுநாதன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயர்மேல் விரலை வைத்தார். "இதைத் திருத்த வழி உண்டா, மிஸ்டர் வேதாசலம்?"

"அவங்களோடதைத் திருத்துங்க சார். அப்புறம் இதையும் திருத்திடலாம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரயிலில் வருபவர்களுக்கு வண்டி வந்த பிறகே வருகைப் பதிவு என்ற தீர்மானம் மத்தியானத்துக்குள் நிறைவேறியது. பதினோரு பெயர்களுக்கும் எதிரே, பரீட்சை எழுதலாம் என்று அவரே கையெழுத்திட்டார்.

சாயங்காலம் வேதாசலம் சைக்கிளைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு மௌலா அலிக்கு ரயிலேறினான். விஜயகுமாரி வாசலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் உள்ளே ஓடி, கணக்குப் புத்தகத்தோடு திரும்பினாள்.

"இதுல ஒரு சந்தேகம் சார். நிறுத்தாம படிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

அவனுக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. வெட்கப்படாமல் உட்கார்ந்தான். இருவருமாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை விடை வந்தது.