மெழுகு வைத்த பால் டின்

அந்தப் பால் டின்னின் மூடியில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று பால் வழிய, இன்னொன்று காற்றுப் போக. இரண்டையும் மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தவர் என் அத்தான், அக்காவின் புருஷன். அவர் கட்டை விரலால் அழுத்திய ரேகை மெழுகில் பதிந்திருந்தது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ரேகை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அத்தான் வாடகைக் கார் ஓட்டினார். காஜா பேராங்கில் இரண்டு அறை வீடு. அப்பா அம்மா போன பிறகு நானும் அவர்களோடுதான் இருந்தேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது பால் ஊறவில்லை, டின் பால்தான். ஒருமுறை ரப்பர் தோட்டத்தில் இருந்த உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, கார் சேற்றில் இறங்கிவிட்டது. புட்டியில் இருந்த பால் புளித்துப் போயிற்று. பிள்ளை அழுது அழுது குரல் அடங்கியபோது, போய்விட்டது என்றே நினைத்து அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். பிழைத்தது தெய்வாதீனம். மறுநாளே அத்தான் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து காரின் பின்பெட்டியில் வைத்தார். கயிறு, டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அக்காவின் பழஞ்சேலை ஒன்று, கொஞ்சம் அரிசி, பிஸ்கட், பால் டின். “காரா இது, பெட்டிக்கடையா?” என்று அக்கா கேலி செய்வாள். “சிரி, சிரி. ரோட்டுல நின்னவனுக்குத்தான்லா தெரியும்” என்பார்.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். அவனை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் போய்விடக் கூடாது என்று வழியெல்லாம் சோதனை. தோட்டப் பக்கத்துக் கடைகளில் டின்னை விற்கும்போதே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் நாள்பட வைத்திருக்க முடியாது, காட்டுக்கும் போகாது. அக்கா பயந்தாள். “எல்லாத்தயும் எறக்கி வச்சிருங்க” என்றாள். அரிசியையும் பிஸ்கட்டையும் இறக்கிவிட்டார். பாலை இறக்க மனம் வரவில்லை. டவுனில் வாங்கிய டின்னைத் தானே ஆணியால் குத்தி ஓட்டை போட்டார். “சட்டப்படி ஓட்ட போட்டாச்சு, இனி எவன் என்னா கேக்கப் போறான்?” என்றார். மறுநாள் டின்னைச் சுற்றி எறும்பு. உடனே மெழுகை உருக்கி அடைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதற்குள் பிள்ளைக்கு இரண்டு வயது கடந்துவிட்டது, சோறுதான் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் பால் டின் காரில் இருந்தாக வேண்டும். அன்று அடங்கிப்போன குரல் அவர் காதிலேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்திலிருந்து திரும்பும்போது தடுப்பில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பக்கத்தில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழர். பின்பெட்டியைத் திறந்தார்கள். அதிகாரி டின்னை எடுத்துப் பார்த்து, நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

“தொர கேக்குறாரு, ஓட்டய எதுக்குய்யா அடச்சே?”

“எறும்பு ஏறுதுங்க.”

“பாலு யாருக்கு?”

“பிள்ளைக்குங்க.”

இருவரும் குனிந்து காருக்குள் பார்த்தார்கள். அக்கா மடியில் பிள்ளை உட்கார்ந்து கையில் முறுக்கை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. “முறுக்கு கடிக்கிற பிள்ளைக்கு டின் பாலா?” என்றார் அந்தத் தமிழர். அத்தான் பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார். மழை, சேறு, புளித்த பால், எல்லாம். அந்த மனிதர் அதில் பாதியைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அக்கா இறங்கிப் போய்க் காலில் விழப் பார்த்தாள், தள்ளி நிறுத்தினார்கள். “நீங்க பஸ்ஸ பிடிச்சு வீட்டுக்குப் போங்க, நான் வந்துர்றேன்” என்றார் அத்தான். முகம் வெளுத்திருந்தது. அதுதான் கடைசியாகப் பார்த்தது.

உள்ளே வைத்திருந்தார்கள். அப்புறம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த மண்ணில், தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இந்தியாவை அவர் சினிமாவில்தான் பார்த்திருந்தார். நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்குகிறார் என்று ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். அடுத்து போய்வந்தவர், காய்ச்சலில் செத்துப்போனார் என்றார். சுதந்திரம் வந்து ஊர் முழுக்க “மெர்டேக்கா” என்று கத்திய நாளில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள், பொட்டில்லாத நெற்றியோடு. எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. சட்டத்துக்குப் பயந்து தன் கையாலேயே ஓட்டை போட்ட மனிதன். திருடனுக்கு அந்தப் புத்தி வருமா? அவன் ஓட்டையே போட்டிருக்க மாட்டான்.

அக்காவும் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் இப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போகிறாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது, அப்பா முகம் நினைவில்லை. போன மாதம் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் போலீஸ் தடுப்பு. ஒரு மலாய்ப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, பின்பெட்டியைத் திறக்கச் சொன்னான். நானும் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய் நின்றேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தண்ணீர், பிஸ்கட், டார்ச் லைட், பால் டின். அவள் அப்படி வைத்திருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

“இதெல்லாம் எதுக்கு மாச்சிக்?” என்று அவளை அத்தை முறை வைத்து மலாயில் கேட்டான்.

“வெள்ளம் வந்து ரோட்டுல மாட்டிக்கிட்டா வேணும்ல” என்று அவளும் மலாயிலேயே சொன்னாள்.

பையன் டின்னை எடுத்துப் பார்த்தான். “எங்கம்மாவும் இப்படித்தான்” என்று சிரித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து மூடினான். போகலாம் என்று கை காட்டினான். அன்று அத்தானை வீட்டுக்கு அனுப்பவும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.