பூவனலிங்கம் சொன்ன எட்டரை மணி

பசுவந்தனைப் பக்கத்தில் ஆட்டு வியாபாரி பூவனலிங்கத்தை ஏமாற்றினேன் என்று சொல்ல ஒருத்தன் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மூன்று வெள்ளாட்டில் ஆரம்பித்து, எவன் தயவும் இல்லாமல் கரிசல் காட்டில் மச்சு வீடு கட்டினார், சொந்தமாய் லோடு வண்டி வாங்கினார். எட்டயபுரம் சந்தையில் அவர் விலை பேசத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தால் எதிராளிக்கு வேர்க்கும். கேட்டவனிடம் எடுத்த எடுப்பில் நிசமான கணக்கைச் சொன்னவரே இல்லை. ஆட்டுக்கு என்ன வயது என்றால்கூட ஆறு மாதம் குறைத்துத்தான் வாயில் வரும்.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மகள் மாரிச்செல்வியோடு நின்றார். கட்டிலில் பேத்தி கிருஷ்ணப்ரியா, ஒன்பது வயது. வலது கை துவண்டு கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு வரவில்லை.

டாக்டர் ஜெயஷீலா சின்ன வயதுப் பெண். வந்ததும் வராததுமாக, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்றாள்.

பூவனலிங்கத்துக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளுக்கு மணி எதற்கு? போலீஸ் ஸ்டேஷனில்தான் இப்படிக் கேட்பார்கள். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், லேட்டாகக் கொண்டுவந்தது நீங்கள்தானே என்று நம் தலையில் கட்டவா?

"எட்டரை இருக்கும்மா," என்றாள் மாரிச்செல்வி. "சடை பின்னும்போதுதான் வாய் கோணினதப் பாத்தேன்."

"எட்டரையேதான்," என்று பூவனலிங்கமும் அடித்துச் சொன்னார்.

ஆனால் அது ஆறு மணி என்று அவருக்குத் தெரியும். விளாத்திகுளம் பஸ் ஹாரன் அடித்துப் போன நேரம். ஆட்டுக்குத் தழை, குழை போட வந்த பிள்ளையின் வலது கையிலிருந்து குழைக்கட்டு இரண்டு தடவை நழுவியது. "ஏட்டி, தூக்கம் தெளியலையா?" என்று ஏசினார். அது பதில் பேசாமல் போய்த் திரும்பவும் படுத்துக்கொண்டது. கோபமாக்கும் என்று விட்டுவிட்டார். பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

தலையைப் படம் எடுத்து முடித்தபோது பத்து ஐம்பது.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு," என்றாள் டாக்டர். "கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா அது பெரியவங்களுக்குன்னு வந்த மருந்து. பிள்ளைங்களுக்கு எந்த அளவுக்குப் பலன் தரும்னு இன்னும் தீர்மானமாத் தெரியாது. மூளையில ரத்தம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. ஆரம்பிச்சு நாலரை மணி நேரம் தாண்டிட்டா நாங்க போடுறதில்ல. நீங்க சொல்ற கணக்குக்கு நேரம் இருக்கு. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

தன் சரக்கில் இருக்கிற சொத்தையைத் தானே விரித்துக் காட்டுகிற ஆளை அவர் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. இதில் என்ன சூது இருக்கிறது?

"ஏம்மா, மருந்து நல்லதுன்னுதான எல்லாரும் சொல்லுவாவ? நீ என்னடான்னா கொறையா அடுக்குத?"

"மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுதுய்யா? உசுரு உங்க பேத்தியோடது."

"சரி, ஒருவேளை எட்டரைக்கு முன்னாலயே இது ஆரம்பிச்சிருந்தா?"

டாக்டர் நிமிர்ந்தாள். "முன்னாலன்னா?"

"பேச்சுக்குத்தான் கேக்குதேன்."

"இதப் பேச்சுக்குக் கேக்காதீங்க. தப்பான மணிய நம்பி நான் ஊசியப் போட்டா அதுவே பிள்ளையக் கொன்னுரும்."

"யப்பா, என்னத்துக்கு வக்கீலு மாதிரி நோண்டுதீங்க?" மாரிச்செல்வி பேனாவை வாங்கிவிட்டாள். "எங்கனம்மா போடணும்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊசி கிடைக்கும். கை வந்தாலும் வரும், உயிர் போனாலும் போகும். வாயைத் திறந்தால் ஊசி இல்லை, மகள் முகத்தில் முழிக்கவும் முடியாது. அவள் மா எழுதி, ரி எழுதினாள். பூவனலிங்கம் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"ஆறு மணி," என்றார். "கையிலருந்து குழை நழுவிச்சு. நான் பாத்தேன்."

மாரிச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். டாக்டர் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, கட்டி மேலும் வளராமல் இருக்க வேறு மருந்தை ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் ஆயிற்று. கிருஷ்ணப்ரியாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வலது கை கரண்டி பிடிக்கிறது, பென்சில் பிடிக்கவில்லை. அந்த ஊசி போட்டிருந்தால் கை வந்திருக்குமா என்று பூவனலிங்கம் கோவில்பட்டியில் ஒரு டாக்டரைக் கேட்டார், மதுரையில் இரண்டு பேரைக் கேட்டார். மூவருமே, "சொல்ல முடியாது, போடாததுதான் சரி" என்றார்கள்.

"மூணு பேரும் ஒரே வாயாச் சொல்லுதானுவன்னா பேசி வச்சுட்டானுவ," என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அதைவிட அவரை அரிப்பது மகள். அந்த ஆறு மணியைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசவில்லை, அழவில்லை. சோறு வைக்கும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்க்கிறார். நேற்று கேட்டேவிட்டார்.

"ஏட்டி, மனசுல என்னத்த வச்சிருக்க? சொல்லித் தொலை."

"ஒண்ணுமில்லப்பா. சாப்பிடுங்க," என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள்.

அவர் நம்பவில்லை.