ரோகிணிக்குப் பதிலாகக் கேட்டை

கரையான்சாவடிக்கும் நசரத்பேட்டைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நாங்கள் மனை வாங்கிய குடியிருப்பில் ஒன்பது தெருக்கள் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. மனைகளை இரண்டு கட்டமாக விற்றவர் இரண்டு முறையும் ஒன்றிலிருந்து எண் போட்டிருந்தார். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வீடு. தபால்காரர் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாக் கடிதங்களையும் சாலையோர மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதிப்படி, முகவரி துலங்காத கடிதம் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். அவர் விதியை அந்த அளவுக்கு மதிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

நான் அப்போது வருவாய்த் துறையில் கண்காணிப்பாளர். எந்த மனுவுக்கு எத்தனை நகல், எந்த நகலில் யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பெயர் வைப்பது ஊராட்சியின் தீர்மானத்தால் முடிகிற காரியம். ஆனால் தீர்மானத்துக்கு முன்பு குடியிருப்போர் ஒரு பட்டியலில் ஒத்துப்போக வேண்டும். இரண்டு வருடமாக அதுதான் நடக்கவில்லை. ஒருவர் தலைவர் பெயர் சொன்னால் இன்னொருவர் வேறு தலைவர் பெயர் சொல்வார். சாமி பெயருக்குப் பதிலாகப் புனிதர் பெயர் வரும். கூட்டம் டீயோடு முடிந்துவிடும்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தது தெரியும்வரை நானும் டீயைக் குடித்துவிட்டு வந்துகொண்டுதான் இருந்தேன். அவளுடைய அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், கத்தோலிக்கர். மகள் தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழெட்டு வருடமாகக் காத்திருந்தாள். அந்தத் தை மாதம் அவளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. வந்தது என்றால், மளிகைக் கடை வரைக்கும். உப்பு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்து, தேர்வு முடிந்து ஆறு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. ஆடி மாதம் இன்னொரு பட்டியல் அனுப்புவார்கள் என்று நான் விசாரித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆடிக்குள் சரியான முகவரி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குத் தெருவுக்கு ஒரு பெயர் வேண்டும்.

யாருக்கும் சொந்தமில்லாத, யாரையும் புண்படுத்தாத பெயர்கள் எவை என்று யோசித்தபோது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய என் விண்மீன் வரைபடப் புத்தகம் நினைவுக்கு வந்தது. வானம் பார்ப்பது, நாற்பது வயதுக்கு மேல் என்னைப் பிடித்த ஒரே கெட்ட பழக்கம். இருபத்தேழு நட்சத்திரங்களில், எங்கள் மொட்டை மாடியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற ஒன்பதைப் பொறுக்கினேன். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம், மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம்.

பட்டியலை அந்தப் பெண்தான் தட்டச்சு செய்து கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதினேன். அதை எழுதிய வாரத்தைப் போல நான் அலுவலகத்தில் ஒரு வாரமும் உழைத்ததில்லை. பூந்தமல்லியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற பாய் எங்கள் தெருவில் குடியிருந்தார். மதரஸாவில் அரபி படித்தவர். அவருடன் உட்கார்ந்து பேசப் பேச, வானம் ஒரு பெரிய பதிவேடு என்பதும், அதில் எல்லா நாட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதும் விளங்கியது. அரபிக்காரர் சந்திரனுக்கு இருபத்தெட்டு வீடு வைத்திருக்கிறார்கள். நமக்கு இருபத்தேழு. நம்முடைய கார்த்திகை அவர்களுக்கு சுரையா. "என் பொண்ணு பேரு சார் அது" என்றார் பாய். அதன் பின்னாலேயே எழுகிற ரோகிணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பின்தொடர்பவன்'. நம் புராணத்தில் ரோகிணி சந்திரனுக்குப் பிரியமான மனைவி. நம்முடைய பழைய நிகண்டுக்காரர்களுக்கோ அந்த மீன்கூட்டம் ஒரு வண்டி. ரோமாபுரிக்காரர்கள் அதே கூட்டத்தைப் பன்றிக்குட்டிகள் என்றார்கள். ஒரே வெளிச்சத்தைப் பார்த்து ஒருவன் மனைவி என்கிறான், ஒருவன் வண்டி என்கிறான், ஒருவன் பன்றிக்குட்டி என்கிறான். அவரவர் வீட்டில் எதற்குக் குறை இருந்ததோ!

என்னை வாயடைக்க வைத்தது திருவாதிரைதான். அரபியில் அது ஒரு உருவத்தின் கை. லத்தீனில் நகல் எடுத்தபோது ஒரு புள்ளியைத் தவறாகப் படித்துவிட்டார்கள். அந்தப் பிழையே பெயராகி, இன்றுவரை யாரும் திருத்த ஆணை பிறப்பிக்கவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே இவ்வளவு நீண்ட நாள் ஒரு பிழை உயிரோடு இருந்ததில்லை. நிகண்டில் அதே திருவாதிரைக்கு 'செங்கை' என்று ஒரு பெயர் இருந்தது. அங்கேயும் கை, இங்கேயும் கை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டைக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை. ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேர், அந்தச் சிவப்பைப் பார்த்துக் கை என்று சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளவே ஆசை.

பட்டியலைக் கூட்டத்தில் படித்தேன். ஆச்சரியமாக எல்லோரும் தலையாட்டினார்கள். எந்தப் பெயர் எந்தத் தெருவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். சீட்டுக்காக நாங்களே போட்டுக்கொண்ட வரிசையில் எட்டாவதான எங்கள் தெருவுக்கு ரோகிணி விழுந்தது. என் மனைவியின் நட்சத்திரம் ரோகிணி. அன்று மாலையே அவள் மயிலாப்பூரில் இருக்கிற அக்காவுக்குக் கார்டு போட்டுவிட்டாள். மறுநாளே நான் மூன்று நகல்களில் மனுவை ஊராட்சிக்குச் சமர்ப்பித்தேன். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தால் ஏதாவது ஒன்று உதைக்கத்தான் செய்யும்.

உதைத்தது ஐந்தாம் தெரு. அதற்கு விழுந்த பெயர் கேட்டை. அந்த நிலங்களுக்கெல்லாம் பரம்பரையாகச் சொந்தக்காரராக இருந்தவர் அந்தத் தெருவில்தான் வீடு கட்டியிருந்தார். ஊராட்சித் தலைவர் அவருக்குப் பங்காளி. நிலக்காரர் ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"இன்னா சார், படிச்சவரு நீங்க. என் தெருவுக்குப் போயி கேட்டைனு வச்சிகீறீங்க. ஊட்ல ரெண்டு பொண்ணு கீது. பாக்க வர்றவன் தெரு பேரைக் கேட்டுகினே பஸ் ஏறிடுவான்."

அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. நான் நட்சத்திரங்களை வெளிச்சத்தை வைத்துப் பொறுக்கியிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் நட்சத்திரத்தை யாரும் அதற்காகப் பார்ப்பதில்லை. கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்பார்கள். கேட்டை என்றால் மூத்தவள். மூத்தவள் என்றால் மூதேவி. ஜாதகம் பார்க்கிற வீட்டில் வளர்ந்த நான் இதை எப்படி மறந்தேன் என்று என் மனைவி இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு பெயர் போடலாம். ஆனால் அதற்குப் புதிய மனு, புதிய கூட்டம், புதிய அறிவிப்பு. ஆடி போய் ஆவணி வந்துவிடும். அவர் ஆட்சேபித்தால் தீர்மானமே நிற்கும். ஒரு வழி மட்டும் இருந்தது. இரண்டு தெருக்காரர்கள் எழுத்துமூலம் சம்மதித்துப் பெயரை மாற்றிக்கொண்டால் அது பெயர் மாற்றம் ஆகாது, வரிசை எண் திருத்தம். தலைவரின் மேசையிலேயே முடிகிற காரியம். ஏழு தெருக்களிலும் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை இருந்தது. கேட்டை என்றதும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மிச்சம் எட்டாம் தெரு. அங்கே மூன்று வீடு, ஒரு காலி மனை. மனைக்காரர் யார் எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போடுபவர். பாய் காகிதத்தைப் பார்த்ததுமே போட்டார். தேளின் இதயம் என்று அரபியில் அந்த மீனுக்குப் பெயராம். "கல்பு சார். அதுல என்ன கெட்டது?" சீனர்களும் அதை இதயம் என்றுதான் சொல்கிறார்கள் என்று என் புத்தகத்தில் இருந்தது, அவர்களுக்கு டிராகனின் இதயம். கிரேக்கர்கள் அதன் சிவப்பைப் பார்த்து, செவ்வாய்க்குப் போட்டியாளன் என்றார்கள். லேத்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

"எங்க ஊட்ல நட்சத்திரம் பாக்கறதில்ல அண்ணாத்தே. கிறிஸ்மஸுக்கு ஒண்ணு கட்டுவோம், அதோட சரி" என்றவர், காகிதத்தைத் திருப்பித் தரும்போது என் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அக்காவை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க. அவங்க ஆசைப்பட்டு வாங்கின பேரு."

என் வீடு மனைவியின் பெயரில் இருந்தது. பத்திரம், பட்டா எல்லாமே. வில்லங்கம் வராமல் இருக்க நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆகவே கையெழுத்துப் போட வேண்டியது நான் இல்லை.

காகிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எதிர் வீட்டுப் பெண் ஒருமுறைகூட வந்து கேட்கவில்லை. ஆனால் அவள் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. வேகம் குறையாமல் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மனைவியே கேட்டாள், பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று. எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கேட்டை எங்க இருக்கு? காட்டுங்க பாக்கலாம்" என்றாள்.

ஆனி மாதம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல மின்சாரம் போனது. நாங்கள் மாடிக்கு ஏறினோம். அம்பத்தூர் பக்கத்து வானம் மட்டும் மங்கலாக வெளுத்திருந்தது. தென்கிழக்கு நல்ல கறுப்பு. அங்கே தேள் முழுதாக எழுந்து நின்றது. கொடுக்கு வளைந்து, வாலில் மீன்கள் வரிசையாக, நடுவில் சிவப்பாகக் கேட்டை. பசிபிக் தீவுக்காரர்கள் அந்த வாலைத் தூண்டில் முள் என்று சொல்வார்களாம் என்றேன். அவள் என்னைப் பேச வேண்டாம் என்று கையால் சைகை காட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாதகத்தில் எழுதி, பஞ்சாங்கத்தில் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒளித்து, இவ்வளவு நாள் பயந்த ஒரு பெயருக்கு முகம் இப்படி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நானும்தான். எத்தனையோ முறை பார்த்தும் அதுவரை எனக்கு அது வரைபடத்துப் புள்ளிதான்.

"என்னுது எங்க?" என்று பிறகு கேட்டாள்.

ரோகிணி இப்போது தெரியாது என்றேன். வானத்தின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதுவும் இதே மாதிரி சிவப்புத்தான். இது எழும்போது அது இறங்கிவிடும், அது எழும்போது இது இறங்கிவிடும். மார்கழியில் சாயங்காலம் வந்தால் காட்டுகிறேன் என்றேன்.

"அம்பது வருஷமா ரோகிணி, ரோகிணின்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு நாள் கூட நிமிர்ந்து பாத்ததில்ல" என்றாள். "இதைப் பாத்துட்டேன். பேனாவைக் குடுங்க."

டார்ச் வெளிச்சத்தில், மாடிக் கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டாள். ஒரு நிபந்தனை சொன்னாள். முகவரி மாற்றக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பக் கூடாது, நானே விடுப்புப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போய், அலுவலக முத்திரை விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒப்புகை அட்டை என்ற ஒன்று இருக்கிறது என்று தொடங்கினேன். உப்பு மூட்டை என்ற ஒன்றும் இருக்கிறது என்றாள்.

தன் தெரு ரோகிணித் தெருவாகப் போகிறது என்று தெரிந்ததும் ஐந்தாம் தெருக்காரர் ஒரு கூடை கத்தரிக்காய் அனுப்பினார். தீர்மானம் பத்து நாளில் வந்தது. அந்தப் பெண் தட்டச்சு செய்த கடிதத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் முத்திரை குத்துவதற்குள் இரண்டு முறை சாப்பிடப் போனார். நான் நகரவில்லை. அப்படிப்பட்ட மேசைக்கு அந்தப்பக்கம் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு இந்தப்பக்கம் காத்திருக்கத் தெரியாதா?

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் முதல் முறையாக வந்தார். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு, கேட்டைத் தெரு எது என்று என் மனைவியிடம் கேட்டார். இதுதான் என்றாள். உறையை அவரிடமிருந்து வாங்கி, மேலே இருந்த பெயரை மட்டும் படித்துவிட்டு, செருப்புப் போடாமல் எதிர் வீட்டுக்குப் போனாள். லேத்காரர் வேலைக்குப் போகக் கிளம்பிச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் உறையைக் கிழிக்காமல் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். நேர்முகத் தேர்வுத் தேதியைப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"இன்னும் பன்னண்டு நாள் இருக்கு ஆன்ட்டி" என்றாள்.