பையோடு நட்ட காடு

ஒரு நாற்றைப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மூடினால் அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? நடுவதா, புதைப்பதா? ரிங்லெட் ஊருக்கு மேலே, எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கல் குவாரி நடத்திய கம்பெனி அதற்கு 'மறுவாழ்வுக் காடு' என்று போர்டு மாட்டியது.

பாதி மலையைத் தின்றுவிட்டார்கள். குவாரியை மூடும்போது மரம் வைத்து மண்ணை நிறுத்திக் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்க நிபந்தனை. அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் எங்கள் வீடு. லயம் முழுக்கக் குழாயில் பிடித்துக் குடிப்பது அந்தச் சரிவிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர். மண் நிற்காவிட்டால் முதலில் போவது எங்கள் அடுப்படி.

செமஸ்டர் லீவில் வந்திருந்தேன். நாற்று நட ஆள் கேட்டார்கள். தோட்டத்து நர்சரியில் வேலை செய்யும் அம்மாவோடு நானும் ஏறினேன். முதல் நாற்றைத் தூக்கியதுமே அம்மா பையைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார்.

"அக்கா, பைய கிழிக்காதீங்க லா," என்றான் சூப்பர்வைசர்.

"கிழிக்காம? வேரு எங்க போவும்?"

"அப்படியே வைங்க. மேலிடத்து ஆர்டர்."

"ஒன் புள்ளைக்கு பெம்பர்ஸ் மாட்டி வுட்டா கல்யாணம் வரைக்கும் கழட்டமாட்டியா தம்பி?"

நட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் இலாகா அதிகாரிகள் சரிபார்க்க வந்தார்கள். வரிசை வரிசையாகப் பச்சை. போட்டோ எடுத்தார்கள், கறிபாப் தின்றார்கள், போனார்கள். ஒரு செடியை இழுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் முதுகு வளையவில்லை.

அவர்கள் போனதும் லோரி வந்தது. மேல் வரிசையிலிருந்து செடிகளைப் பையோடு பிடுங்கி ஏற்ற ஆரம்பித்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கத்தினேன்.

"அடுத்த குவாரிக்கு. அங்க நாளைக்கு செக்கிங் லா, தம்பி," என்றான் சூப்பர்வைசர், ஏதோ நாற்காலியை இடம் மாற்றுகிறவன் மாதிரி.

 அம்மாவின் கத்தியைப் பிடுங்கி, கீழ் வரிசையில் உட்கார்ந்து ஒரு பையைக் கிழித்தேன். பையின் மண் குழி மண்ணோடு கலந்தது. இனி அதைத் தூக்கினால் வெறும் வேர்தான் வரும், வேறு குவாரியில் வைத்துக் காட்ட முடியாது.

"டேய், என்னடா பண்றே?" என்று ஓடிவந்தான் சூப்பர்வைசர்.

"நடுறேன். நீங்க நேத்து மறந்துட்டீங்க."

"தள்ளு," என்றார் அம்மா. "கத்தி புடிக்கிற லட்சணத்தப் பாரு."

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து கிழித்தார்கள். லோரி பாதி காலியாகப் போனது. ஆனால் சரிவின் மேல் பாதி மொட்டை.

இலாகாவுக்குப் புகார் எழுதினேன். செடிகள் போட்டோவில் இருக்கின்றன என்று பதில் வந்தது. போட்டோவின் வேரா மண்ணைப் பிடிக்கும்? திரும்பவும் எழுதினேன். பதில் இல்லை. மழை தொடங்கிவிட்டது.

இன்று காலையிலிருந்து எங்கள் குழாயில் செம்மண் வருகிறது.