பின்னறைக்குள் அடங்காத சாமான்கள்

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நாங்களும் வீட்டு வளவின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள் கட்டியிருந்தோம். நானும் மனைவியும் அவற்றுக்குள் போய்விடலாம். எங்கள் சாமான்கள் போகாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அக்கரைப்பற்றில் மரக்கறி ஏற்றினேன், பொத்துவிலில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டலில் கோப்பை கழுவினேன், கட்டார் நாட்டில் சீமெந்து சுமந்தேன். ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். ஒரு பையோடு போய் ஒரு பையோடு திரும்புகிறவனுக்கு வீடு எப்படி நிரம்புகிறது என்று தெரியாது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரத்தில் இருந்த பழைய வீடு அத்திவாரத்தோடு போனது. மனைவியும் பிள்ளைகளும் உடுத்திருந்த உடுப்போடு தப்பினார்கள். பிறகு கூடாரம். வருகிற நிவாரண லொறிகள் சட்டி, வாளி, பாய், நுளம்பு கடிக்காமல் கட்டுகிற வலை என்று தந்துவிட்டுப் போகும். தேவையோ இல்லையோ, அவள் வரிசையில் நின்று வாங்கினாள். புது வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றையும் விடவில்லை. ஓர் அறை முகடு வரை நிரம்பிவிட்டது. அதற்குள் எலி, எலியைத் தேடிப் பாம்பு. சட்டிகளை இறக்கிக் கழுவிக் காயவைத்து மறுபடி அடுக்குவதிலேயே அவளுடைய பொழுது போய்விடும். அந்த அறையில்தான் புதுத் தம்பதிக்குக் கட்டில் போட வேண்டும்.

மகள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "உம்மா, மாப்பிள்ளையப் பின்னறையில வெச்சிட்டு, சட்டிபானைக்கெல்லாம் கட்டில் வாங்கிப் போடுவமா?"

மனைவியும் சிரித்தாள். ஆனால் எழும்பிப் போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எதையாவது கொடுத்துவிடலாம் என்றால், "மறுகாக் கடல் வந்தா என்னத்துல சோறாக்கிற?" என்பாள்.

கலியாணம் நெருங்கியது. அறைக்கு வெள்ளை அடிக்கிறவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அடித்து முடியும் வரை சாமான்களை முற்றத்தில் வைக்கலாம், பிறகு பார்ப்போம் என்றேன். அரை மனதோடு சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொடங்கினேன். தென்னை மரத்தடியிலிருந்து வெளிவாசல் வரை சாமான்கள் பரவின. ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சதகா என்று தர்மம் கேட்டு வீடு வீடாக ஆட்கள் வருவார்கள் என்பது நினைவில் இல்லை.

முதலில் வந்தவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். பந்தலுக்கு நட்டிருந்த கம்புகளைப் பார்த்தாள், வாசல் வரை கிடந்த சாமான்களையும் பார்த்தாள். கலியாணத்தின் பேரில் தர்மம் கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "கலியாணப் புள்ளைக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்" என்று துஆவும் கேட்டுவிட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி வந்து நின்றாள். கூடாரத்தில் எங்களுக்கு முதன்முதலாகச் சோறு வெந்த பானை அது. ஆனால் மகளுக்காகக் கேட்ட துஆவை வாங்கிக்கொண்டு பானையைத் திருப்பித் தா என்று எந்த வாயால் சொல்வது?

மனைவி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நில்லுங்க புள்ள. மூடி உள்ளுக்குக் கெடக்கு. மூடி இல்லாம என்னெண்டு சோறாக்கிற?"

உள்ளே போய் மூடியை எடுத்து வந்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

செய்தி எப்படியோ பரவியது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வதற்குள் முற்றத்தில் முக்கால்வாசி காலி. அவளே நின்று கொடுத்தாள். பிடி கழன்ற வாளியை அப்படிச் சொல்லியே கொடுத்தாள். வலையில் கிழிசலைக் காட்டி, தைத்துக் கட்டச் சொன்னாள். சில சட்டிகளைக் காலால் மெல்லத் தன் பக்கம் தள்ளி வைத்ததையும் பார்த்தேன். என்னிடம் ஒரு தரம் மட்டும் சொன்னாள்: "ஊர் சுத்துற மனிசனுக்கு நாளும் தெரியா, கிழமையும் தெரியா."

தொழுதுவிட்டு வந்தபோது மிஞ்சியவற்றைப் பின்னறையின் ஒரு மூலைக்குள் அடுக்கி முடித்திருந்தாள். நாங்கள் படுக்க இடம் இருந்தது. பெரிய அறையில் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் தொழும் திசையான கிப்லாப் பக்கம் நீளாமல் கட்டிலை எப்படிப் போடுவது என்று மகள் கேட்டாள். மனைவி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு யன்னலைத் திறந்தாள். கடல் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஈரக் கையை நீட்டிப் பார்த்தாள்.

"தலைமாடு இஞ்சால" என்று யன்னலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினாள்.